துறை தெரிந்தவரே அமைச்சராக வேண்டும் என்போருக்கு ஒரு திறந்த மடல்

மின்வாரியப் பொறியாளர்களுக்கும், ஆற்றல் துறை ஆய்வு மாணவர்களுக்கும், இந்தத் துறை பற்றி எழுதிவரும் கட்டுரையாளர்களுக்கும்,

வணக்கம்.

அமைச்சரவை மாறும்போதெல்லாம் உங்களிடமிருந்து ஒரு கோரிக்கை எழுகிறது: மின்துறையை அந்தத் துறை தெரிந்தவரிடம் கொடுங்கள். நியாயமான கோரிக்கை. நாங்களும் அதை ஆதரிப்பவர்கள்தான். ஆனால் அது அந்த ஒரு வரியோடு நின்றுவிடுவது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. துறை தெரிந்தவர் பதவியேற்ற பிறகு அவருடைய அறிவு எந்தக் கோப்பில் பயன்படும், எந்தக் கோப்பில் பயன்படாது, அவர் பக்கத்தில் யார் யார் உட்கார வேண்டும் என்று கேட்டு எழுதுபவர்கள் மிகக் குறைவு. அதைக் கேட்காமல் விட்டால், நல்ல விஞ்ஞானி ஒருவரைப் பதவியில் ஏற்றி, அவர் தடுமாறியதும் "பார்த்தீர்களா, படித்தவர்களுக்கு அரசியல் ஒத்துவராது" என்று சொல்பவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுத்தவர்களாவோம்.

இதைப் பேச ஸ்டீவன் சூவைவிடப் பொருத்தமான உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை. 2009 ஜனவரி முதல் 2013 ஏப்ரல் வரை அமெரிக்காவின் எரிசக்தித் துறையைக் கவனித்தவர். அங்கே அந்தப் பதவிக்குச் செயலர் என்று பெயர். நம் வழக்கப்படி அமைச்சர் என்றே எழுதுகிறோம்.

1948இல் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். பெர்க்லியில் முனைவர் பட்டம், 1978 முதல் பெல் ஆய்வகம். அங்கே 1985இல், ஆறு திசைகளிலிருந்து லேசர் கற்றைகளைப் பாய்ச்சி சோடியம் அணுக்களின் வேகத்தைக் குறைத்து, தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே அவற்றைக் கொண்டுபோய்க் காட்டினார். அந்த வழியில் வந்த பணிக்காக 1997இல் இன்னும் இருவரோடு இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர் 2004இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் இயக்குநரானார். சூரிய ஒளியிலிருந்து எரிபொருள், கட்டடங்களின் மின்சிக்கனம் என்று அந்த ஆய்வகத்தின் கவனத்தை எரிசக்திப் பக்கம் திருப்பினார். நோபல் பெற்ற பிறகு அமெரிக்க அமைச்சரவைக்குள் வந்த முதல் ஆள் அவர்தான். 2009 ஜனவரி 20 அன்று செனட் அவரை எதிர்ப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

அவர் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எதையெல்லாம் தொட முடியாது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மின்கட்டணம் மாநில ஆணையங்களின் கையில். மாநிலங்களுக்கு இடையிலான மின்பரிமாற்ற விவகாரம் தனி ஒழுங்குமுறை ஆணையத்திடம். அணு உலை உரிமம் இன்னொரு ஆணையத்திடம். அரசு நிலத்திலும் கடலிலும் எண்ணெய் எடுக்கும் குத்தகை, அங்கே நிலவளங்களைக் கவனிக்கும் உள்துறையிடம். வாகனப் புகைக்கு சுற்றுச்சூழல் முகமை. துறையின் வரவுசெலவில் பாதிக்கும் மேல் போவதோ அணு ஆயுதப் பராமரிப்புக்கும், பழைய ஆயுத ஆலைகளின் கழிவை அகற்றுவதற்கும். ஹான்ஃபோர்டில் மட்டும் 177 நிலத்தடித் தொட்டிகளில் சுமார் 5.6 கோடி காலன் கதிரியக்கக் கழிவு கிடக்கிறது. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளவென்று வந்த விஞ்ஞானியின் மேசையில் பெரும்பங்கு இடத்தை இந்தக் கோப்புகளே பிடித்துக்கொள்ளும்.

நம் நாட்டிலும் நிலைமை வேறில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம். அமைச்சரின் பெயரில் சுவரொட்டி ஒட்டிக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்பவர்கள், அரசு மானியத்தைத்தான் கேட்கிறார்கள். மானியம் நிதித்துறையில் முடிவாகிறது. ஆகவே, வல்லுநரை எந்த முடிவுகளுக்காகக் கேட்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

சூவின் அறிவு நேரடியாகப் பயன்பட்ட இடம், எதிர்பாராமல் வந்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் மக்கொண்டோ கிணறு எண்ணெயைக் கக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் குத்தகை சூவின் துறை அல்ல. ஆனாலும் குடியரசுத் தலைவர் ஒபாமா அவரை அனுப்பினார். மே மாத நடுவில் தேசிய ஆய்வகங்களின் விஞ்ஞானிகளோடு ஹூஸ்டனில், கிணற்றைத் தோண்டவைத்த பிபி எண்ணெய் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார்.

கிணற்று வாயில் புளோஅவுட் பிரிவென்டர் என்ற பல அடுக்குத் தடுப்பு எந்திரம் இருக்கும். அதற்குள் இருக்கும் கத்திபோன்ற தகடுகள் மூடிக்கொண்டால் குழாய் வெட்டுப்பட்டுக் கிணறு அடைபட வேண்டும். அவை எந்த நிலையில் நிற்கின்றன என்பதே யாருக்கும் தெரியவில்லை. அத்தனை தடித்த எஃகின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க காமா கதிரைப் பயன்படுத்தலாம் என்று சூ சொன்னார். ஆழ்கடல் ரோபோக்களைக் கொண்டு அதைச் செய்தார்கள். தகடுகளின் பூட்டு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்ற தகவல் அப்படித்தான் கிடைத்தது.

மே இறுதியில் கனமான சேற்றுக் கலவையை மேலிருந்து அழுத்தி அடைக்கும் முயற்சி தோற்றது. கிணற்றிலிருந்து வரும் எண்ணெயின் அளவு மிகக் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. நாளுக்கு 5,000 பீப்பாய் என்று சொல்லிவந்தார்கள். உண்மையில் அது 50,000 பீப்பாயைத் தாண்டியிருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். அவ்வளவு வேகமாக மேலே வரும் ஓட்டத்துக்கு எதிராகச் சேறு கீழே இறங்காது. அளவே தெரியாமல் தீர்வைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். அதற்குப் பிறகு அரசு விஞ்ஞானிகள் ஒவ்வொரு படியிலும் கணக்கைக் கேட்டுச் சரிபார்த்த பின்பே அனுமதி கொடுத்தார்கள்.

ஜூலை 15 அன்று கிணற்றின் மேல் புதிய மூடியைப் பொருத்தி மூடினார்கள். கடலில் எண்ணெய் பாய்வது நின்றது. ஆனால் அதோடு ஆபத்து நீங்கவில்லை. கிணற்றின் நடுச்சுவர்க் குழாயில், அழுத்தம் கூடினால் உடையும்படி வைத்த தகடுகள் இருந்தன. அவை முன்பே உடைந்திருந்தால், மேலே மூடியதும் எண்ணெய் பக்கவாட்டில் பாறைக்குள் புகுந்து கடல்தரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அப்புறம் எந்த மூடியாலும் அதை நிறுத்த முடியாது. அதற்காக முன்கூட்டியே வரம்பு வகுத்திருந்தார்கள். மூடிய பிறகு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 7,500 பவுண்டுக்கு மேல் போனால் கிணறு உறுதியாக இருக்கிறது, மூடியே வைக்கலாம். 6,000க்குக் கீழே நின்றால் எங்கோ கசிகிறது, உடனே திறக்க வேண்டும். இடையில் நின்றால் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

அழுத்தமானி சுமார் 6,600இல் நின்றது. மிக மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

திறந்துவிடலாம் என்ற கருத்து அன்றிரவு வலுவாக இருந்தது. திறந்தால் எண்ணெய் மறுபடி கடலில் பாயும். மூடியே வைத்துத் தரை பிளந்தால் அதைவிடப் பெரிய கேடு. கலிஃபோர்னியாவில் இருந்த புவியியல் ஆய்வுத்துறையின் நீரியலாளர் பால் ஷே, வந்த அழுத்தப் புள்ளிகளை வைத்து ஒரே இரவில் எண்ணெய்த் தேக்கத்தின் கணித மாதிரியைக் கட்டினார். மூன்று மாதமாக எண்ணெய் வெளியேறியதால் தேக்கத்தின் அழுத்தமே இறங்கியிருக்கும், ஆகவே கசிவில்லாத கிணறும் இந்த அளவையே காட்டலாம் என்று அந்த மாதிரி சொன்னது. மறுநாள் அதைப் பார்த்த சூவின் குழு, கடல்தரையை நில அதிர்வுக் கருவிகளாலும் கேமராக்களாலும் கண்காணித்துக்கொண்டே, ஒவ்வொரு நாளாக அனுமதியை நீட்டித்தது. கிணறு மறுபடி திறக்கப்படவேயில்லை.

அந்த இரவில் துறை தெரிந்த அமைச்சர் இருந்ததன் பயன் தெளிவு. கணக்கைப் போட்டவர் சூ அல்ல, துறையில் பல ஆண்டு வேலைசெய்த அரசு விஞ்ஞானி. ஆனால் அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டு, நிறுவனத்தின் பொறியாளர்களிடம் எதிர்க்கேள்வி கேட்டு, முடிவுக்குப் பொறுப்பேற்கும் ஆள் மேலே இருந்தார். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூவின் கீழ் அறிவியல் பிரிவுக்குத் துணைச் செயலராக இருந்தவர் முன்பு பிபியில் தலைமை விஞ்ஞானி. இந்த விவகாரத்திலிருந்து அவர் விலகிக்கொண்டார். தொழிலிலிருந்து வல்லுநர்களைக் கொண்டுவந்தால், நெருக்கடி வரும்போது எந்த நாற்காலி காலியாகும் என்பதையும் முன்பே கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது நல்ல இடம், யாரும் தலைப்புச் செய்தியில் போடாத ஒன்று: மின்சாதனங்களுக்கான குறைந்தபட்சத் திறன் விதிகள். 1970களின் நடுவில் ஓர் அமெரிக்க வீட்டின் குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் குடித்தது. அடுத்தடுத்து வந்த விதிகளால், 2001 வாக்கில் அது 500 யூனிட் அளவுக்கு இறங்கியது. பெட்டியின் கொள்ளளவு குறையவில்லை. விலையும் ஏறிவிடவில்லை. நுரைக் காப்பு, நல்ல கம்ப்ரசர், கதவின் ரப்பர் விளிம்பு ஆகிய மூன்றிலுமே பெரும் சேமிப்பு இருந்தது. பெர்க்லி ஆய்வகத்தில் இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தார்கள். சூவுக்கு அது மனப்பாடம். அவர் வருவதற்கு முன் துறை பல விதிகளைச் சட்டம் குறித்த தேதிக்குள் வெளியிடத் தவறி, நீதிமன்றம் வரை போயிருந்தது. அவர் காலத்தில் தேங்கிய விதிகள் நகர்ந்தன. குளிர்சாதனப் பெட்டிக்கான புதிய விதி 2011 செப்டம்பரில் இறுதியாகி, உற்பத்தியாளர்களுக்கு மூன்று ஆண்டு அவகாசத்தோடு 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வரைவு வெளியிட்டு, கருத்துக் கேட்டு, சோதனை முறையை வகுத்து, அவகாசம் கொடுத்து முடிக்கும்போது பெரும்பாலும் அமைச்சர் வீட்டுக்குப் போயிருப்பார். பலன் அவர் பெயரில் வராது. அதற்காகவே, வரப்போகும் அமைச்சரிடம் முதல் மாதத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: எந்தெந்தச் சாதனத்துக்கான விதி எந்தப் படியில் நிற்கிறது?

மூன்றாவது, ஆர்ப்பா-இ என்ற ஆய்வு நிதி முகமை. 2005இல் தேசிய அறிவியல் அகாதமியின் குழு ஒன்று இதைப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் சூவும் இருந்தார். 2007இல் சட்டம் வந்தது, பணம் வரவில்லை. 2009 பிப்ரவரியின் பொருளாதார மீட்புச் சட்டம் 40 கோடி டாலர் கொடுத்தபோது, பரிந்துரைத்தவரே அமைச்சராக இருந்தார். அதன் கட்டமைப்பைப் பார்த்தால் அது ஏன் ஓடியது என்று புரியும். இயக்குநர் நேராக அமைச்சருக்குக் கீழே. வழக்கமான அரசுப் பணி விதிகளைத் தாண்டி ஆட்களை எடுக்கும் அதிகாரம். திட்ட மேலாளர்களுக்குச் சில ஆண்டுகள்தான் பதவி, பிறகு போய்விட வேண்டும். காலாண்டுக்கு ஒரு மைல்கல், எட்டாவிட்டால் நிதி நிற்கும். முதல் அறிவிப்புக்கு 3,700 அளவில் கருத்துருக்கள் வந்தன. 37 தேர்வாயின. முதல் இயக்குநர் அருண் மஜும்தார், மும்பை ஐஐடியில் படித்து பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர். தோல்வியும் வரும் என்று முதல் நாளே எழுதிவைத்த நிறுவனம் இது. அதனால் தோற்ற ஆய்வுகள் ஊழலாகப் பேசப்படவில்லை.

அதே துறையின் இன்னொரு மாடியில், நிறுவனங்களின் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுக்கும் பிரிவில், தோல்வியும் வரும் என்பதை யாரும் வெளியே சொல்லாமல் விட்டார்கள். அங்கேதான் சொலிண்ட்ரா நடந்தது.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருந்த இந்த நிறுவனம், தட்டையான பலகைக்குப் பதில் கண்ணாடிக் குழல்களில் மென்படல சூரிய மின்கலங்களைச் செய்தது. செம்பு, இண்டியம், காலியம், செலினியம் கலந்த படலம். சிலிக்கன் தேவையில்லை. வெள்ளையடித்த தட்டைக் கூரையில் வைத்தால், கூரையில் பட்டுத் திரும்பும் ஒளியையும் குழலின் அடிப்பாகம் வாங்கிக்கொள்ளும். காற்று இடையில் புகுந்துபோவதால் கனமான எடை வைத்துப் பிடிக்க வேண்டாம். எஞ்சினியரிங் நன்றாகவே இருந்தது. வணிகக் கணக்கு மட்டும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நின்றது: வழக்கமான சூரியப் பலகைகளின் மூலப்பொருளான பாலிசிலிக்கனின் விலை இறங்காது. 2008இல் கிலோ 400 டாலர் வரை போன அது, 2011 முடிவில் 30 டாலர் அளவுக்கு விழுந்தது. சிலிக்கன் பலகைகள் மலிந்தன. குழல்களின் மேன்மை கரைந்தது.

2009 ஜனவரியில் துறையின் கடன் குழு இந்த விண்ணப்பம் இன்னும் பக்குவப்படவில்லை என்று திருப்பி அனுப்பியது. மார்ச்சில் நிபந்தனையோடு ஒப்புதல், செப்டம்பரில் 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதம். 2011 தொடக்கத்தில் பணம் வற்றியது. பிப்ரவரியில் கடனை மறுசீரமைத்தார்கள். புதிதாக 7.5 கோடி டாலர் போட்ட தனியார் முதலீட்டாளர்களுக்கு, நிறுவனம் மூழ்கினால் அரசுக்கு முன்பே பணம் கிடைக்கும் என்று ஒப்பந்தம் ஆனது. இந்தக் கடன் திட்டத்துக்கு வழிவகுத்த 2005ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டத்தில் அரசின் கடன் பின்தள்ளப்படக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது கடன் கொடுக்கும் தருணத்துக்கு மட்டுமே பொருந்தும், மறுசீரமைப்புக்குப் பொருந்தாது என்று துறையின் வழக்கறிஞர்கள் விளக்கம் தந்தார்கள். சூ ஒப்புதல் கொடுத்தார். ஆகஸ்ட் இறுதியில் ஆலை மூடியது, செப்டம்பரில் திவால். நவம்பர் 17 அன்று நாடாளுமன்றக் குழு முன் பல மணி நேரம் அமர்ந்து, இறுதி முடிவுகள் என்னுடையவை என்று பொறுப்பேற்றார். 2015இல் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை, நிறுவனம் தன் விற்பனை ஒப்பந்தங்களைப் பற்றித் துறைக்குத் தவறான தகவல் கொடுத்ததாகச் சொன்னது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மீதியைச் சொல்வதில்லை. அதே துறையின் வாகனக் கடன் திட்டத்தில் டெஸ்லா 46.5 கோடி டாலர் வாங்கியது. 2013 மே மாதம், ஒன்பது ஆண்டு முன்கூட்டியே முழுவதும் கட்டிவிட்டது. அமெரிக்காவின் பெரும் சூரிய மின்பூங்காக்களில் முதலாவதாக வந்த சில, இந்தக் கடன் உத்தரவாதத்தால்தான் எழுந்தன. வங்கிகள் அதற்குப் பிறகுதான் தைரியமாக உள்ளே வந்தன. சூரியக் கடன்கள் சில மூழ்கும் என்பதற்காக நாடாளுமன்றம் முன்பே பணம் ஒதுக்கியும் இருந்தது. கணக்கேட்டில் அது இருந்தது, அமைச்சரின் பேச்சில் இல்லை. சொலிண்ட்ரா ஆலையின் கால்கோள் விழாவில் சூ நேரில் கலந்துகொண்டார், அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவரே அங்கே போய்ப் பேசினார். விழா எடுத்த பிறகு, மூழ்கும் என்று எதிர்பார்த்த கடன்களில் அதுவும் ஒன்று என்று யாராலும் சொல்ல முடியாது.

டெஸ்லா பக்கமும் ஒரு பாடம் இருக்கிறது. கடனோடு சேர்த்துப் பங்கு வாங்கும் உரிமையும் அரசிடம் இருந்தது. முன்கூட்டியே கட்டினால் அந்த உரிமை இல்லாமல் போகும் என்று ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். தோற்றால் முழு நட்டம், வென்றால் வட்டி மட்டும். இப்படி எழுதிய ஒப்பந்தத்தை எந்த இயற்பியல் அறிவும் சரிசெய்யாது. அதற்குக் கடன் ஒப்பந்தம் எழுதிப் பழகிய நிதியாளர் வேண்டும். சொலிண்ட்ராவுக்குப் பிறகு நடந்த தனி ஆய்வும், கடன் பிரிவுக்குத் தனியாக இடர் அதிகாரி வேண்டும் என்றுதான் சொன்னது.

எங்கள் கணிப்பில் சொலிண்ட்ராவைவிட அதிகம் படிக்க வேண்டியது, ஏழை வீடுகளுக்குக் காப்பிடும் திட்டம். மீட்புச் சட்டம் இதற்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அதுவரை ஆண்டுக்குச் சில பத்துக் கோடிகளில் ஓடிக்கொண்டிருந்த திட்டம். ஒரு வீட்டுக்கான சராசரிச் செலவு வரம்பை 6,500 டாலருக்கு உயர்த்தினார்கள்.

வேலை கடினமானதல்ல, ஆனால் வரிசை முக்கியம். முதலில் சூடேற்றும் உலையையும் புகைபோக்கியையும் சோதித்து கார்பன் மோனாக்சைடு அளக்க வேண்டும். பிறகு வாசலில் பெரிய விசிறி பொருத்தி வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாக்கி, காற்று எங்கெங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். கசிவுகளை அடைத்து, அதன்பின் பரணில் காப்பு நிரப்பி, மறுபடி விசிறி வைத்து அளந்து, உலையை மறுபடி சோதிக்க வேண்டும். உலையைப் பார்க்காமல் வீட்டை இறுக்கினால் புகை வெளியே போக வழியின்றி உள்ளே திரும்பும், ஆள் சாகலாம். காப்பை முதலில் போட்டுவிட்டால் கசிவுகள் அதன் அடியில் மறைந்துவிடும். இவ்வளவும் சூவின் துறைக்குத் தெரியும்.

ஆனால் மீட்புச் சட்டப் பணத்தில் வேலைசெய்பவருக்கு அந்தந்த வட்டார நடைமுறைக் கூலி தர வேண்டும் என்ற விதி இந்தத் திட்டத்துக்கு முதன்முறையாகப் பொருந்தியது. வீடு காப்பிடும் தொழிலாளி என்ற வகைக்கு எந்தக் கூலியும் அதுவரை வகுக்கப்படவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கும் தொழிலாளர் துறை அதை வகுத்து முடிக்கும் வரை பல மாநிலங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தன. பழைய வீடுகளுக்குத் தொல்மரபுப் பாதுகாப்பு ஒப்புதலும் தேவைப்பட்டது. அதைப் பார்க்க மாநிலங்களில் போதிய ஆள் இல்லை. மாநில அரசுகள் செலவைக் குறைக்க விடுப்பில் அனுப்பிய ஊழியர்களில், இந்தப் பணத்தைப் பட்டுவாடா செய்ய வேண்டியவர்களும் இருந்தார்கள். 2009 முடிவில் சுமார் 6 லட்சம் வீடுகள் என்ற இலக்கில் 30,000 வீடுகள்தான் முடிந்திருந்தன. பின்னர் வேகம் பிடித்து இலக்கை எட்டினார்கள் என்றாலும், வேலையின்மை உச்சத்தில் இருந்த ஆண்டில் பணம் பெட்டியிலேயே கிடந்தது. இங்கே தேவைப்பட்டது நோபல் இல்லை. சட்டம் கையெழுத்தாகும் வாரத்திலேயே தொழிலாளர் துறைக்குப் போய்க் கூலிப் பட்டியலை வாங்கிவரத் தெரிந்த ஒரு மூத்த அதிகாரி போதும்.

அடுத்தது பேச்சு. 2008 செப்டம்பரில், ஆய்வக இயக்குநராக இருந்தபோது, பெட்ரோல் விலையை ஐரோப்பிய அளவுக்குக் கொண்டுபோக வழி காண வேண்டும் என்று ஒரு நாளிதழிடம் சொன்னார். பொருளாதாரம் தெரிந்தவர்களுக்கு அது புதிய கருத்தில்லை. அமைச்சரான பிறகு நான்கு ஆண்டும் அந்த வாக்கியம் அவரைத் துரத்தியது. 2012இல் விலை ஏறியபோது, அந்தக் கருத்து இப்போது தனக்கு இல்லை என்று செனட்டில் சொல்ல வேண்டியதாயிற்று.

யுக்கா மலை விவகாரத்தில் இன்னும் சங்கடம். அணுக் கழிவை நெவாடாவில் அந்த மலைக்குள் புதைக்கும் திட்டத்தின் உரிமப் பணி தொடர வேண்டும் என்ற அறிக்கையில், 2008 ஆகஸ்டில் மற்ற தேசிய ஆய்வக இயக்குநர்களோடு சேர்ந்து சூவும் கையெழுத்திட்டிருந்தார். 2010 மார்ச்சில் அவருடைய துறையே அந்த உரிம விண்ணப்பத்தைத் திரும்பப் பெற மனு போட்டது. அது குடியரசுத் தலைவரின் தேர்தல் வாக்குறுதி. அமைச்சரவையில் இருப்பவர் தலைவரின் முடிவை நிறைவேற்றுவார், இல்லையென்றால் விலகுவார். அதில் தவறு காண நாங்கள் வரவில்லை. ஆனால் அந்த முடிவுக்குத் தொழில்நுட்பக் காரணம் இருப்பதுபோல் காட்ட ஒரு விஞ்ஞானியின் பெயர் உதவியது. பதவிக்கு ஒப்புக்கொள்ளும் முன், தான் கையெழுத்திட்ட அறிக்கைகளில் எவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று வல்லுநர் தலைவரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டுவிட்டு வந்தால் பின்னர் சொல்வதற்காவது ஒரு பதில் இருக்கும்.

நம் பக்கம் திரும்பினால், அமெரிக்க வழி இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே அமைச்சர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவே கூடாது. இங்கே ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகியே தீர வேண்டும். அந்தத் தடையைத் தாண்டியவரும் நமக்கு உண்டு. அணைப் பொறியாளர் கே. எல். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். விஜயவாடாவில் மூன்று முறை தேர்தலில் வென்று, 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் மத்திய அரசில் நீர்ப்பாசனத்தையும் மின்சாரத்தையும் கவனித்தார். 1972இல் கங்கையையும் காவிரியையும் இணைக்கும் திட்டத்தை முன்வைத்தவர் அவர்தான். 2,640 கிலோமீட்டர். நீரை 550 மீட்டர் அளவுக்கு மேலேற்ற வேண்டும், அதற்கு மட்டும் 5,000 முதல் 7,000 மெகாவாட். அன்று நாட்டின் மொத்த நிறுவுதிறன் 20,000 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. மத்திய நீர் ஆணையம் செலவும் மின்தேவையும் தாங்காது என்று ஒதுக்கியது. துறையிலேயே பெரிய வல்லுநரின் திட்டத்தையும் துறையின் ஆணையம் கணக்குப் போட்டு நிராகரிக்க முடிந்தது என்பதை நாங்கள் நல்ல செய்தியாகவே பார்க்கிறோம். அமைச்சர் எவ்வளவு படித்தவரோ, அவருக்கு "இல்லை" என்று எழுதும் அதிகாரி அவ்வளவு தேவை.

சூவுக்குப் பின் 2013 மே மாதம் வந்த எர்னஸ்ட் மோனிஸும் இயற்பியலாளர்தான், எம்ஐடி பேராசிரியர். வித்தியாசம், அவர் 1995 முதல் வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகத்திலும், 1997 முதல் 2001 வரை இதே எரிசக்தித் துறையில் துணைச் செயலராகவும் இருந்தவர். கூலிப் பட்டியல் எந்த மேசையில் தேங்கும் என்று தெரிந்தவர். 2015 ஈரான் அணு ஒப்பந்தப் பேச்சில், ஈரான் தரப்பில் இருந்த அணு விஞ்ஞானி அலி அக்பர் சலேஹியோடு நேருக்கு நேர் உட்கார்ந்து எண்களைப் பேசினார்: நடான்ஸ் ஆலையில் யுரேனியத்தைச் செறிவூட்டும் 5,060 சுழலிகள், 3.67 விழுக்காட்டுச் செறிவு, 300 கிலோ இருப்பு. ஒரு குண்டுக்கான யுரேனியத்தைச் சேர்க்க ஈரானுக்கு ஓர் ஆண்டாவது ஆகும்படி அந்த எண்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று மேசையிலேயே கணக்குப் போடும் அமைச்சர்தான் அங்கே தேவைப்பட்டார்.

ஆகவே உங்கள் அடுத்த மனுவில், வல்லுநரின் பெயரைப் பரிந்துரைப்பதற்கு முன், இவற்றைச் சேருங்கள். அவர் முதலில் ஓர் ஆண்டாவது துறைச் செயலருக்கு ஆலோசகராகவோ, மின்நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலோ, ஒழுங்குமுறை ஆணையத்திலோ வேலைபார்த்திருக்க வேண்டும். கடன், கொள்முதல், மின்வாங்கும் ஒப்பந்தம் ஆகியவற்றில் கையெழுத்துக்கு முன் தனியாகக் குறிப்பெழுதும் நிதி இடர் அதிகாரி ஒருவர் அமைச்சருக்கு நேராகப் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு கோப்பிலேயே நிற்க வேண்டும். புதிய தொழில்நுட்பத்துக்கு அரசுப் பணம் போகும் எந்தத் திட்டத்திலும் எத்தனை விழுக்காடு மூழ்கலாம் என்பதை அமைச்சரே சட்டமன்றத்தில், முதல் ஆலையின் அடிக்கல்லுக்கு முன்பே, வாய்திறந்து சொல்ல வேண்டும். வெற்றி பெற்றால் அரசுக்கு என்ன பங்கு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று உங்களில் ஆய்வு மாணவர்களுக்கு. மக்கொண்டோ இரவில் மாதிரி கட்டிய நீரியலாளர் அமைச்சரின் ஆள் இல்லை, அரசு ஆய்வுத்துறையின் நிரந்தர ஊழியர். நம் மாநில மின்பகிர்மானக் கழகங்களிலும் ஆணையங்களிலும் சுமைக் கணிப்பு, கட்டணக் கணக்கு, கட்டமைப்பு நிலைத்தன்மை போன்ற பிரிவுகளில் அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை காலியாக இருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அமைச்சர் பதவிக்குக் கேட்பதுபோலவே அந்த இடங்களை நிரப்பவும் கேளுங்கள்.

அன்புடன்,
எரிசக்திக் கொள்கையைத் தொடர்ந்து கவனித்துவரும் சில பொறியாளர்கள்